குறைந்தபட்சம்

மைவியை விற்று ஒன்பது மாதம்.
கிள்ளானில் யாரோ ஓட்டுகிறார்கள்.
அதன் கியர்பாக்ஸுக்கு
நான்தான் இன்னும் கட்டுகிறேன்,
செந்தூல் தீமோரில் ரயிலுக்கு நின்றபடி.

பதினேழாம் தேதி கணக்கு வரும்.
மொத்த பாக்கி ஒரு மூலையில்.
குறைந்தபட்சம் கட்ட வேண்டியது
நடுவில், தடித்த எழுத்தில்,
பந்தியில் உட்கார்ந்தவளிடம்
ஒரு வாய் சாப்பிட்டால் போதும் என்பதுபோல.

முதல் மாதம் இருநூற்று எழுபத்தைந்து வெள்ளி கேட்டது.
பிறகு இருநூற்று அறுபத்தைந்து.
பிறகு இன்னும் கீழே.
இறங்க இறங்க எனக்குச் சந்தோஷம்.
தவணை தவறாதவள் என்று
வங்கிக்கே இரக்கம் வந்துவிட்டதாக நினைத்தேன்.
புனிதமலரிடம் பெருமையாகச் சொல்லவும் செய்தேன்.

வேலை மருந்துக்கடையில், மஸ்ஜித் ஜாமெக் பக்கம்.
போன வாரம் ஒரு லாரி டிரைவர், தொண்டைப் புண்.
மூன்றாம் நாளே ஆறிவிட்டதாம்,
மிச்ச மாத்திரையை என்ன செய்ய என்றார்.
வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன்:
"வலி குறைஞ்சிருச்சுன்னு மருந்தைக் குறைக்காதீங்க அண்ணே,
பாதியில விட்டா திரும்ப எழும்."
அவர் போய்விட்டார்.
என் வாய் மட்டும்
கொஞ்ச நேரம் திறந்தே இருந்தது.

மருந்து உறையின் பின்பக்கம் கணக்குப் போட்டேன்.
பாக்கி நாலாயிரம். மாதம் நூற்றுக்கு ஒன்றரை.
நான் கட்டும் இருநூறில்
அறுபது வட்டிக்கே சரி.
கடன் இளைத்தால் அவர்கள் கேட்பதும் இளைக்கும்,
கேட்பது இளைத்தால் கடன் இளைக்க மறுக்கும்.
ஐம்பது வெள்ளிக்கு இறங்கி
அங்கேயே சப்பணமிட்டு உட்காரும்.
ஐந்து வருடம் தாண்டுகிறது.
உறையில் இடம் போதவில்லை.

இன்னொரு உறை.
அவர்கள் எவ்வளவு கேட்டாலும்
மாதம் இருநூறு, ஒரு சென் குறையாமல்.
இருபத்து நாலு மாதம்.
நம்பாமல் திரும்பப் போட்டேன்.
இருபத்து நாலு.

இன்று கணக்கு வந்தது.
நூற்றுத் தொண்ணூற்று மூன்று போதுமாம்.
மிச்சம் ஏழு வெள்ளிக்கு
ரொட்டி சானாயும் தே தாரிக்கும் வரும்.
பசியும் இருந்தது.

இருநூறு என்று தட்டினேன்.

தித்திவங்சா தாண்டும்போது
கீழே சாலையில் ஒரு வெள்ளை மைவி.
என்னுடையதில்லை, நம்பர் வேறு.
இருந்தாலும் எட்டிப் பார்த்தேன்,
கியர் ஒழுங்காக விழுகிறதா என்று.