சாவி தவமணியிடம்

நாகமலை பார்த்த சன்னல் வைத்து
மாணவர் ஓய்வறை கட்டினார்கள்.
ரிப்பன் வெட்டிய அன்று ஆளுக்கொரு லட்டு.
மறுநாளிலிருந்து பூட்டு.
சாவி தவமணியிடம்.
தவமணி மெடிக்கல் லீவில்.

ஆனாலும் வைஃபை சுவரைத் தாண்டி
மூன்று படி வரை கசிந்தது.
நாலாம் படியில் ஒற்றைக் கோடுதான்.

முதல் படியில் ஒச்சம்மாள்,
நெட் தேர்வுக்கு மூன்றாம் முறை.
உசிலம்பட்டி கடைசி பஸ்ஸை விட்டால்
ஹாஸ்டலில் யார் கட்டிலிலாவது பாதி.
அதற்கடுத்து பரக்கத் நிஷா,
ஆய்வேட்டின் நாலாம் அத்தியாயத்தைத் திறந்து வைத்துக்கொண்டு
கடலை உரிப்பாள்.
நான் சும்மா.
துறைக்குள் சும்மா இருந்தால்
ஜெராக்ஸ் எடுக்க அனுப்பிவிடுவார்கள்.

கேண்டீன் டீ ஆறி ஏடு கட்டும்வரை
கைடுகளைத் திட்டினோம்.
ஒருத்தி அழுதபோது
ஏன் என்று யாரும் கேட்கவில்லை.
பவர் பேங்கை அவள் பக்கம் நகர்த்தி வைத்தோம்.

ஆடிக்காற்று ஓய்ந்த ஒரு செவ்வாய்
தவமணி வந்தார், திறந்தார்.
சோபாக்களில் இன்னும் பாலித்தீன் உறை.
உட்கார்ந்தால் அப்பளம் நொறுங்கும் சத்தம்.
நாலு சுவரிலும் 'அமைதி காக்கவும்'.
காத்தோம், முழங்காலைச் சேர்த்து,
பெண் பார்க்க வந்தவர்களைப் போல.
ஐந்து நிமிடம் இருக்கும்.
ஒச்சம்மாளுக்குத்தான் முதலில் சிரிப்பு பீறிட்டது.

இப்போது தினமும் பத்து மணிக்குத் திறக்கிறார்கள்.
நீளச் சோபாவில் செம்மி படுத்திருக்கிறது.
நாய்தான். ஃபேன் அதற்காகச் சுற்றுகிறது.

மூன்றாம் படியில் இடம் இருக்கிறது.
கொஞ்சம் தள்ளி உட்காருங்கள்,
பரக்கத்துக்கு சிக்னல் மறைக்கிறது.