பதினோராம் கொப்பி

முதற் கொப்பியின் முதற் பக்கத்தில்
நொரீன் மிஸ்ஸின் பச்சை மை:
"15.01.2005. பாலமீன்மடு.
மண்ணிறப் பெட்டை ஒன்று.
உரிமையாளர்:"
அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.
தெரியாது என்றுகூட எழுதவில்லை அவ.

சுவர் போன வீட்டின் அத்திவாரத்தில்,
வாசல் இருந்த இடமாகப் பார்த்து
குறுக்கே படுத்துக் கிடந்ததாம்.
நிவாரண மாவில் ஒரு பிடி குழைத்து
வைத்துவிட்டு வந்ததுதான் தொடக்கம்.
சங்கம், முத்திரை, பொருளாளர்
எல்லாம் மறுகா வந்தது.

நான் கணக்கெழுத வந்தது பதினோராம் கொப்பிக்கு.
விசர்நாய்த் தடுப்பூசி, இருநூறு.
முட்கம்பி கிழித்த எருமைக் கன்று, தையல் பதினேழு.
தங்கூசி வலையில் கால் அறுந்த கொக்கு, பிழைக்கவில்லை.
றமீஸின் ஓட்டோ: பெற்றோலுக்குக் காசு வாங்கவில்லை,
சீற் கழுவச் சவர்க்காரம் மட்டும்.

"மனிசருக்கே சோறில்ல, நாய்க்கு ஊசியா?"
கல்லடிச் சந்தியில் யாரோ கேட்டதையும்
செலவுப் பக்கத்தில்தான் எழுதியிருக்கிறா மிஸ்.
எதிரே தொகை இல்லை.

அந்தோனிப்பிள்ளை அண்ணனுக்கு மாதச் சம்பளம்.
முந்தி அவர் சபை லொறியில் போனவர்.
கம்பிச் சுருக்கு. ஒரு வாலுக்கு இவ்வளவு என்று கூலி.
இப்போது எங்களுக்குப் பிடிக்கிறார், கருத்தடைக்கு.
காது நுனியில் சின்ன வெட்டு,
மூன்றாம் நாள் அதே ஒழுங்கையில் இறக்கிவிடுவோம்.
அவரைப்போல நோகாமல் பிடிக்க
இந்த ஊரில் ஆளில்லை.

ஆனாலும் அவர் சைக்கிள் கிறுகினால்
ஒழுங்கை முழுக்க மதகுக்குள் போய்விடும்.
சவர்க்காரம் மாற்றிப் பார்த்தார்.
என் அண்ணனின் பழைய சேட்டைப் போட்டுப் பார்த்தார்.
அந்த லொறியைக் கண்டேயிராத குட்டிகளும்
தாய் குரைக்கிற திசை பார்த்துக் குரைத்தன.

ஒருநாள் கூடு கழுவிக்கொண்டே சொன்னார்:
"விடுங்க தங்கச்சி.
அதுகளுக்கிட்டயும் ஒரு கொப்பி இரிக்கும்."
எத்தனை என்று நான் கேட்கவில்லை.
தண்ணீர்க் குழாயை மூடாமல்
கனநேரம் நின்றார்.

நாளைக்கு ஊறணி. ஆறு நாய்,
அதில் ஒன்று வயிற்றுச் சுமையோடு.
விடிய நாலரைக்கு வரச் சொல்லியிருக்கிறார்.
அந்த நேரம் காற்று
அதுகளிடமிருந்து எங்கள் பக்கம் அடிக்குமாம்.