புறமுதுகு

புறமுதுகு காட்டி ஓடுவதற்குச்
சம்பளம் வாங்கிய தமிழன் ஒருவன் உண்டென்றால்
அது ரொமால்டு கர்டோசாதான்.
மாதம் நாலாயிரத்து இருநூறு திர்ஹாம்,
அல் தைத் சாலையோரம் ஓர் அறை,
அறையில் இன்னும் இரண்டு பேர்.

விசாவில் தொழில் என்ற கட்டத்துக்கு
பேஸ்பால் வீரர் என்றொரு பிரிவு கிடைக்கவில்லை.
டைப்பிங் சென்டர் ஆள் தாடையைச் சொறிந்துவிட்டு
கிடங்கு உதவியாளர் என்று அடித்தான்.
அதையும் பொய்யென்று சொல்வதற்கில்லை.
மேலிருந்து வருவதை வாங்கி
உள்ளே அனுப்புகிற வேலை.

நான் ஸ்கோர் எழுதியவன்.
பகலில் ஏசி கம்பெனிக்குக் கணக்கு,
இரவில் வலைக்குப் பின்னால் ஒரு மேசை, இரண்டு பென்சில்.
இந்த ஆட்டத்தில்
நிற்கிற இடத்துக்கும் எண் உண்டு.
மைதானத்தின் நடுக்கோடியில் நிற்பவன் எட்டு.
எட்டுக்கு எட்டாதது சுவருக்கு.
சுவருக்கும் எட்டாதது ஒட்டகங்களுக்கு.

ஷார்ஜா தொழிற்பேட்டையில்
நிறுத்தி வைத்த டிரெய்லர்களின் நடுவே
வெள்ளிக்கிழமை டேப் பந்து கிரிக்கெட் ஆடியவனை
டயர் பஞ்சராகி நின்ற ஓவிதியோ பார்த்தார்.
வெனிசுவேலாக்காரர், பயிற்சியாளர்.
பந்தைப் பார்க்காமல் ஓடுகிறானே, இவன் யார்?
டயர் மாட்டி முடித்தும் அவர் போகவில்லை.

தோல் உறையை முதலில் மாட்டிய அன்று
"கைக்குச் செருப்பு போட்டுவிட்டார்கள்" என்றான்.
இரவில் அதைத் தலையணைக்கடியில் வைத்துப் படுத்தான்,
படிய வேண்டுமாம்.

மூன்று மணி நேர ஆட்டத்தில்
அவனிடம் வருவது நாலு பந்து.
மிச்ச நேரமெல்லாம் நிற்பது.
செயற்கைப் புல்லின் சூடு பாதத்தில் ஏற,
தலைக்கு மேல் விமானங்கள் சக்கரத்தை இறக்க,
சும்மா நிற்பது.
சும்மா நிற்பவன் போல் தெரியும்.
மட்டையில் பட்ட ஓசை எனக்கு வந்து சேருமுன்
திரும்பி, முதுகைக் காட்டி,
பந்தை அதன் வழிக்கு விட்டுவிட்டு
அது விழப்போகும் இடத்துக்கு
முன்கூட்டியே குடிபோயிருப்பான்.

மட்டை அவனிடம் சொல்பேச்சு கேட்கவில்லை.
நூற்றுக்கு இருபது. அது போதாது, எல்லோருக்கும் தெரியும்.
மூன்று சீசன், தொண்ணூற்றாறு பிடி,
ஒரு பிழை.

அந்த ஒன்றைச் சொல்ல வேண்டும்.

ஜனவரி. விளக்குகளைச் சுற்றிப் பனிமூட்டம்
பஞ்சுமிட்டாய் போல.
கடைசிச் சுற்று. ஓங்கி அடித்த பந்து
பாலுக்குள் போட்ட சர்க்கரையாய்க் காணாமல் போயிற்று.
ஓடினான்.
செங்கல்பொடித் தடம் காலில் நறநறத்தது, சுவர் வந்துவிட்டது,
கை போய்ச் சேர்ந்தது,
உறையின் நுனியில் பட்டு
வெளியே விழுந்தது.

விதி இப்படி:
சாதாரண முயற்சியில் பிடித்திருக்கலாம் என்றால் பிழை.
வேறொருவன் அந்த இடத்துக்கே போயிருக்க மாட்டான்.
போகாதவனுக்குப் பிழை இல்லை.
தொட்டான், அதனால் மாட்டினான்.
பென்சில் இரண்டும் மேசைக்கடியில் உருண்டிருக்க
பேனாவால் எழுதினேன்,
பி எட்டு.

மறுநாள் திருத்தியிருக்கலாம்.
இருபத்து நாலு மணி நேரம் அவகாசம் உண்டு.
கம்பெனியில் வாட் கணக்கு முடிக்கிற வாரம்.

மார்ச்சில் அவனைக் கூப்பிட்டுக் கை கொடுத்தார்கள்.
மட்டைக்காகத்தான், உன் எட்டுக்காக இல்லை என்றான்
நான் கேட்காமலே.

இப்போது ஜெபல் அலியில் கன்டெய்னர் எண்ணுகிறான்.
விசாவில் அதே தொழில்.

போன வெள்ளி, அதே டிரெய்லர்கள், அதே டேப் பந்து.
உயரப் போனதைப் பார்த்து
பதினோரு பேரும் அண்ணாந்து கத்தினார்கள்.
அவன் ஏற்கெனவே எங்களுக்கு முதுகு காட்டியிருந்தான்.
வெறுங்கையில் சத்தென்று விழுந்தது.
"எரியுதுடா" என்று உள்ளங்கையை உதறிக்கொண்டே வந்தான்.

ஸ்கோர் எழுத யாருமில்லை.
சட்டைப்பையைத் தடவினேன்,
சாவி மட்டும் இருந்தது.