இரண்டாம் ஆட்டம், பழங்காநத்தம்

ஊரே மெச்சிய படம்.
நூற்றெண்பது ரூபாய், பார்க்கிங் தனி.

மன்னன் யானையை விட்டு இறங்கினான்
பட்டு கசங்காமல்.
வைகை என்று காட்டிய ஆற்றில்
கரை முட்டத் தண்ணீர்.
பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள்.

பிறகு போர்.
தேனூர் ஒச்சப்பன் அதில் செத்திருக்கிறான்,
நாளுக்கு அறுநூறும் ஒரு பொட்டலம் பிரியாணியும் வாங்கி,
மூன்று தடவை.
சீட்டு நுனிக்கு நகர்ந்தான்:
"இந்தா, இப்ப வருவேன் பாரு."
பத்தாயிரம் பேர் விழுந்தார்கள்.
அத்தனை பேருக்கும் ஒரே கம்ப்யூட்டர் முகம்.

மன்னன் அழுதான், வயலின்கள் கூட அழுதன.
எனக்குக் கொட்டாவி.

பைக்கை எடுக்கும்போது சொன்னான்:
"கேடயம் ஃபைபர்தான் மாப்ள,
ஆனா விளிம்பு கிழிச்சிருச்சு."
சட்டைக் கையை மடித்துக் காட்டினான்.

தெருவிளக்கில் குனிந்து
எண்ணினேன்.
நாலு தையல்.