ஆறாவது பட்டன்

தக்கலை பேருந்து நிலையத்துக்குப் பின்னால்
பிளெக்ஸ் கடை மாடியில்
எங்கள் இருவருக்கும் ஒரே ஒரு வரைபலகை.
கறுப்பு. ஓரமாய் ஆறு பட்டன்.
பகலில் எனக்கு.
இரவில் ஜெனிஷுக்கு.

நான் வலக்கை, அவன் இடக்கை.
வந்ததும் பலகையைத் தலைகீழாய்த் திருப்புவான்.
என் முதலாவது அவனுக்கு ஆறாவது.
காலையில் நான் திருப்பி வைப்பேன்;
திருப்பினால் போதுமென்றுதான் இருந்தேன்.

என் முதல் பட்டன் செய்ததைச் செய்யாததாக்கும்.
அடுத்தது தூரிகையைச் சிறுக்கும்.
மூன்றாவதை என்னத்துக்கு வைத்தேனென்று
எனக்கே ஞாபகமில்லை.
பேனாவின் இடுப்பில் ஒரு குட்டி பட்டன்:
அதை அழுத்தியபடி முகத்தைத் தொட்டால்
நிறம் ஏறிவரும்,
கன்னத்தில் கன்னத்தின் நிறம்,
நரையில் நரையின் நிறம்.

அன்று வந்தது கண்ணீர் அஞ்சலி, எட்டுக்கு நாலு.
முட்டைக்காடு ஞானதீபம், வயது எழுபத்தொன்று.
ஆதார் அட்டையின் நகலின் நகல்.
மேலுதட்டுக்கு மேலே கறுப்பாய் ஒரு புள்ளி.
ஸ்கேனர் தூசி என்று
ஒற்றி எடுத்துவிட்டேன்.
எடுத்த பிறகு உறைத்தது:
தூசி இவ்வளவு வட்டமாய் இருக்காது.

முதல் பட்டனை அழுத்தினேன்.
பார்க்கவில்லை.
விரல் சொன்னால் நம்புகிறவள் நான்.
அதற்குள் போன்,
அதற்குள் மழை, கரண்ட் போகுமென்ற பயம்,
கோப்பு கீழே மிஷினுக்குப் போனது.

சாயங்காலம் மகன் வந்து
விரித்த பிளெக்ஸின் முன்னால் நின்றார்.
ரொம்ப நேரம் நின்றார்.
"எங்கம்மைக்க மறு எங்க?"
பிறகு மெதுவாக,
"இது வேற யாரோவாக்கும்."

எண்ணூற்று முப்பது ரூபாய்
என் சம்பளத்தில் எழுதினார் முதலாளி.

அதற்கப்புறம்தான் அமைப்புகளைத் திறந்தேன்.
முந்தின ராத்திரி ஜெனிஷ்
எல்லாவற்றையும் தன் கைக்கு மாற்றியிருந்தான்.
அழுத்தத்தின் கோடு:
என்னுடையது வரப்புபோல நேராய்ப் போகும்.
அவனுடையது கொஞ்ச தூரம் தரையோடு தரையாய்க் கிடந்து
சட்டென்று வேளிமலையாய் ஏறியது.
இவ்வளவு அழுத்துகிறவனா இவன்?
பேச்சில் தெரியவே தெரியாது.

அவனுடைய ஆறாவதுக்கு எதிரே
எழுதியிருந்தது: எதுவும் இல்லை.
அதைத்தான் நான் அழுத்தியிருக்கிறேன்.

ஒன்பது மணிக்கு வந்தான், ஹெல்மெட்டில் மழை.
சண்டை போடத்தான் உட்கார்ந்திருந்தேன்.
"ஒரு பட்டனை ஏன் சும்மா போட்டிருக்க?"
"பெருவிரல் எங்கயாவது இருக்கணும்லா," என்றான்.
"மத்ததுல வச்சா என்னவாவது நடந்துருது.
இதுல வச்சா ஒண்ணும் நடக்காது.
படத்தைக் கொஞ்சம் பாத்துட்டு இருக்கலாம்."

சண்டைக்கு வைத்திருந்த வார்த்தைகளில்
எதுவும் அதற்குப் பொருந்தவில்லை.

இரண்டு பெயரில் சேமித்தோம்,
பகல் என்று ஒன்று, ராத்திரி என்று ஒன்று.
ஞானதீபத்தை மறுபடி திறந்தேன்.
மறுவை நான் வைத்தால் கலங்கிப் போய் நிற்கிறது,
மூன்று தடவை வைத்தேன், மூன்று தடவையும் தூசி.
பேனாவைக் கொடுத்தேன்.
பலகையைத் திருப்பினான், ராத்திரிக்கு மாற்றினான்,
ஒரே குத்து.
மேலுதட்டுக்கு மேலே அம்மை வந்துவிட்டாள்.

அச்சுக்கு அனுப்புமுன்
பகலுக்குப் போய்
என் மூன்றாவது பட்டனைக் காலியாக்கினேன்.
எண்ணூற்று முப்பதில் பாதி தருகிறேன் என்றான்.
வேண்டாமென்று சொல்ல வாய் வரவில்லை.

கீழே மிஷின் ஓடத் தொடங்கியது.
பெருவிரலை அங்கே வைத்துப் பார்த்தேன்.
ஒன்றும் நடக்கவில்லை.