தவணை கடந்தது

மாதாந்த அறிக்கையில் ஒரு கட்டம்:
இரவல் போய்த் திரும்பாதவை.
இந்த முறை ஒன்று.
படகு எஞ்சின் பழுது பார்க்கும் நூல்.
எடுத்தவர் யூஜின் றொபேட், பாசையூர்.
தவணை முடிந்து எண்பத்து நாலு நாள்.

நூலகத்தைப் பூட்டிவிட்டு
சைக்கிளில் போனேன்.
யூஜின் கடலுக்கு. மனுசி சொன்னா,
"அது எங்களிட்டை இல்லை மிஸ்,
மதிலுக்கு அங்காலை குடுத்தது."

அங்காலை வீட்டில்
ஏ.எல். படிக்கிற பெட்டை
படங்களை மட்டும் கொப்பியில் கீறி வைத்திருந்தாள்.
புத்தகம் ஐஸ் கொம்பனிக்குப் போய்விட்டதாம்.
ஐஸ் கொம்பனிக்காரன்
நாலாம் அதிகாரம் பிழை என்றான்.
நான்தான் எழுதியதுபோல
என்னோடு அரைமணி நேரம் வாதாடினான்.

மைம்மலில், இறங்குதுறையில் கண்டேன்.
கவிழ்த்த போட்டின் முதுகில் விரித்து
காற்றுக்குப் பறக்காமல் ஒரு கல்.
போன் வெளிச்சத்தில் ஒருவர் எழுத்துக்கூட்டி வாசிக்க
மற்றவர் கார்பரேட்டரைக் கழற்றினார்.
"கொஞ்சம் பொறுங்கோ மிஸ்,
இந்தப் பக்கம் முடியட்டும்."

பொறுத்தேன்.
எஞ்சின் இருமியது. நின்றது.
பக்கத்தைப் பின்னால் புரட்டினார்கள்.
பிறகு பிடித்தது.

நாளுக்கு ஒரு ரூபா தண்டம்
ஆறு கைகளிலிருந்து வந்தது,
சில்லறை முழுக்க மீன் மணம்.
நூல் வரவில்லை.
"நாளைக்கு இன்னொரு எஞ்சின் கிடக்கு."

இன்று அறிக்கை அனுப்பும் நாள்.
'வாசகர் தொகை' என்ற கட்டத்தில்
பேனையை ஊன்றியபடி இருக்கிறேன்.
யூஜின், பெட்டை, துறையில் நின்ற ஆறுபேர்.
ஐஸ் கொம்பனிக்காரனையும் சேர்ப்பதா?
அவனுக்கு அந்தப் புத்தகம்
பிடிக்கவேயில்லை.