பெருங்காற்றின் சாட்சிகள்

எழுபது தாண்டியவருக்கு வாரம் ஐந்து ஷில்லிங் என்று
சட்டம் வந்த குளிர்காலம்.
மேயோவின் மேற்கு முனைவரை சைக்கிள் மிதித்தேன்,
வயது சரிபார்க்க.

இவர்கள் பிறந்தபோது
பிறப்பை எழுதிவைக்க ஏடு இல்லை.
மேலிடம் ஒரு கேள்வி கொடுத்திருந்தது:
முப்பத்தொன்பதில் கூரைகளைப் பிய்த்தெறிந்த
அந்தப் பெருங்காற்று ஞாபகம் இருக்கிறதா?

இல்லாமலா?
'தின்றுகொண்டிருந்த உருளைக்கிழங்கை
கையிலிருந்தே பிடுங்கிப் போயிற்று' என்றார் ஒருவர்.
அடுத்தவர் கையிலும் அதே கிழங்கு.
புருவத்தில் மாவு அப்பிய
கருமீசைக்காரர் கையிலும்.
மதியத்துக்குள் பதினொரு பேர்,
கிழங்கு ஒன்றுதான்.

ஹோனோரா கெரட்டி மட்டும் கையை விரித்தார்.
"காற்றா? தெரியாது ஐயா.
தொட்டிலில் கிடந்தேனாம்.
மேசைக்கு அடியில் தள்ளி
மேலே படுத்துக்கொண்டாளாம் அக்கா."

அக்காவைக் கூப்பிடுங்கள், சாட்சி சொல்லட்டும் என்றேன்.

"நாற்பத்தேழில் போய்விட்டாள்.
அண்ணன்கள் அவளுக்கு முன்னே,
ஒரே வாரத்தில் இரண்டு பேர்.
கிழங்கெல்லாம் மண்ணிலேயே கறுத்த வருஷம்.
எனக்கு ஒன்பது வயது.
அதைக் கேளுங்கள்,
நாள்வாரியாகச் சொல்கிறேன்."

படிவத்தைத் திருப்பிப் பார்த்தேன்.
அதற்குக் கட்டம் இல்லை.

வெளியே வரிசை இருமியது.
மை உறைந்திருந்தது;
நிப்பை வாயருகே வைத்து ஊதி,
அவர் பெயருக்கு நேரே எழுதினேன்:

பெருங்காற்று நன்றாக நினைவிருக்கிறது.
கையில் உருளைக்கிழங்கு.